ஈராக்கில் 2007இல் வன்முறை குறைந்ததற்குக் கூடுதல் படைதான் காரணமா?

மொரப்பூர்_பாசஞ்சர் (கேள்வி)

வணக்கம். தருமபுரியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் வரும் ஞாயிறு இருபது நிமிஷம் பேசணும். தலைப்பு: அந்நிய நாட்டை ராணுவம் பிடித்து வைத்திருக்கும்போது எத்தனை படை, எங்கே என்ற முடிவை எப்படி எடுக்கிறார்கள் என்பது. உதாரணத்துக்கு ஈராக்கை எடுத்திருக்கேன்.

எல்லாரும் சொல்கிற கதை ஒன்றுதான். 2006இல் பாக்தாத் ரத்தக்காடு. 2007 ஜனவரி 10 அன்று புஷ் கூடுதல் படையை அறிவித்தார். துணைப் பிரிவுகளோடு சேர்த்து சுமார் 30 ஆயிரம் பேர் போனார்கள். 2008இல் அடங்கிவிட்டது. இவ்வளவு நேர்க்கோடாக இருக்குமா என்பதுதான் என் சந்தேகம். மூன்று இடத்தில் இடிக்குது:

30 ஆயிரம் என்பது அவ்வளவு பெரிய எண்ணா? படை போன பிறகு முதல் ஆறு மாசம் அமெரிக்கச் சாவு குறையாமல் ஏறினது ஏன்? அப்புறம், வேலை செய்தது என்றால் 2008இலேயே ஏன் திரும்ப அழைத்தார்கள்?

விவரம் தெரிந்தவர்கள் எண்ணோடு சொன்னால் நல்லா இருக்கும்.

---

பாராமகால்_பழசு

தம்பி, முதல் கேள்வியை நம்ம ஊர்க் கணக்கில் போட்டால் சட்டென்று விளங்கும்.

2006 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படையும் மரைன் படையும் சேர்ந்து வெளியிட்ட கிளர்ச்சி எதிர்ப்புக் கையேட்டில் ஒரு விகிதம் இருக்கு: ஆயிரம் பேருக்கு 20 பாதுகாப்புப் படையினர். உள்ளூர்ப் படையும் போலீஸும் இதில் அடக்கம். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டம் 15 லட்சத்துச் சொச்சம். விகிதப்படி 30 ஆயிரம் பேர் வேணும். கிருஷ்ணகிரி 18.8 லட்சம், அதுக்கு 37 ஆயிரத்துக்கு மேல். உலகமே பேசின அந்தக் கூடுதல் படை மொத்தத்தையும் கொண்டுவந்து இறக்கினால் தருமபுரி மாவட்டம் ஒன்றுக்குத்தான் கட்டும். கிருஷ்ணகிரிக்கே பத்தாது. அப்போ பாக்தாத்தில் மட்டும் குறைந்தது 60 லட்சம் பேர்.

முழு ஈராக்கை எடுத்தால் 2003இல் சுமார் இரண்டரைக் கோடி மக்கள். விகிதம் 5 லட்சம் கேட்குது. போர் தொடங்கும் முன்னே, 2003 பிப்ரவரி 25 அன்று, தரைப்படைத் தளபதி ஷின்செகி செனட் குழுவிடம் 'பல லட்சம் பேர் தேவைப்படும்' என்ற பொருளில் சொன்னார். இரண்டு நாளில் பாதுகாப்புத் துணைச் செயலர் உல்ஃபோவிட்ஸ் அதைத் தள்ளிப் பேசினார். போனது ஒன்றரை லட்சத்தை ஒட்டி.

இந்தப் பற்றாக்குறை எங்கே முதலில் கடித்தது என்றால் ஆயுதக் கிடங்குகளில். பாக்தாத்துக்குத் தெற்கே அல் கக்கா கிடங்கிலிருந்து 340 டன் வெடிமருந்து காணாமல் போனதாக 2004இல் சர்வதேச அணுசக்தி முகமைக்குத் தகவல் போனது. காவல் போட ஆள் இல்லை. சாலையோரக் குண்டுக்கு மூலப்பொருள் வெளியிலிருந்து வரத் தேவையே இல்லாமல் போச்சு.

அதே சமயம் குண்டு வைக்கத் தெரிந்த ஆளையும் அவர்களே தெருவில் விட்டார்கள். 2003 மே 16: சதாமின் பாத் கட்சிக்காரர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் முதல் உத்தரவு. மே 23: ராணுவத்தைக் கலைக்கும் இரண்டாம் உத்தரவு. கையெழுத்து, அங்கே அமெரிக்க நிர்வாகத்தின் தலைவராக இருந்த பிரெமர். கலைத்த ஆயுதப்படையில் இருந்தவர்கள் 3 லட்சத்து 85 ஆயிரம். உதவித்தொகை பற்றிய அறிவிப்பு ஒரு மாசம் கழித்துத்தான், அதுவும் ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு. ஆள் பத்தாத படை, கையில் இருந்த உள்ளூர் ஆளையும் எதிரியாக்கியது. 2007இல் கூட்டின 30 ஆயிரம் இந்தக் கணக்கில் ஒரு மூலைக்குக்கூட வராது. அதனால் 'எண்ணிக்கை கூடியது, வன்முறை குறைந்தது' என்று மேடையில் சொல்லாதே.

இன்னொன்றையும் கையில் வைத்துக்கொள்: 2005 கடைசியில், தேர்தலுக்காக, அமெரிக்கப் படை 1 லட்சத்து 60 ஆயிரத்தைத் தொட்டது. 2007 உச்சம் 1 லட்சத்து 70 ஆயிரம். பெரிய வித்தியாசம் இல்லை. 2005இன் அந்த எண்ணிக்கை ஒன்றையும் அடக்கவில்லை. 2006 பிப்ரவரி 22 சாமர்ராவில் ஷியாக்களின் புனிதத் தலமான அல் அஸ்கரி மசூதி தகர்ந்தபோது எல்லாம் பற்றி எரிந்தது.

---

ஓசூர்_ரிங்ரோடு

பழசு அண்ணா சொன்ன 2005 கணக்கு சரி. ஆனால் அவர் ஒன்றை விட்டுட்டார்: அந்த 1.6 லட்சம் பேர் எங்கே தூங்கினார்கள்?

2006 வரை ஈராக்கில் அமெரிக்கத் தளபதியாக இருந்த கேசியின் திட்டம், பெரிய முகாம்களுக்குள் ஒதுங்குவது, ஈராக்கியப் படை எழ எழ நாம் பின்வாங்குவது. பகலில் கவச வண்டியில் ரோந்து, இருட்டினால் முகாம். தெருவை ராத்திரி யார் வைத்திருந்தார்களோ அவர்கள் சொன்னதுதான் சட்டம். 2006 ஜூனிலும் ஆகஸ்டிலும் பாக்தாத்தில் இரண்டு முறை பெரிய சோதனை நடவடிக்கை எடுத்தார்கள். வீடு வீடாகச் சலித்தார்கள். சலித்த இடத்தைப் பிடித்து வைக்க ஈராக்கிய பட்டாலியன் ஆறு வரணும், வந்தது இரண்டு. அமெரிக்கர்கள் அடுத்த பேட்டைக்கு நகர்ந்ததும் பழைய ஆட்கள் திரும்பினார்கள். தகவல் சொன்னவனைத்தான் முதலில் சுட்டார்கள். மூன்றாவது முறை யார் வாய் திறப்பான்?

2007 பிப்ரவரியில் புதுத் தளபதியாகப் பெட்ரேயஸ் வந்ததும் மாறினது இதுதான். பேட்டைக்குள்ளேயே கூட்டுக் காவல் நிலையங்கள், அமெரிக்கர், ஈராக்கிய ராணுவம், போலீஸ் மூவரும் ஒரே கட்டிடத்தில். 24 மணி நேரமும் அங்கேயே.

உன் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதில்தான். 2007 ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் அமெரிக்கச் சாவு நூறைத் தாண்டியது, மே மட்டும் 126. அந்த வருஷம் மொத்தம் 900க்கு மேல், போரிலேயே மோசமான ஆண்டு. முகாமை விட்டுத் தெருவுக்குள் வந்தால் வண்டி ஓடும் தூரம் கூடும், நடக்கும் தூரம் கூடும், அடிபடும் வாய்ப்பும் கூடும். அதோடு கூடுதல் படையின் ஐந்து பிரிகேட்டில் (பிரிகேட் என்றால் சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) கடைசியானது ஜூனில்தான் வந்து சேர்ந்தது, மாசத்துக்கு ஒன்று என்ற கணக்கில். முழுப் பலம் ஜூன் மத்தியிலிருந்துதான். முதல் ஆறு மாசத்தை வைத்துத் தோல்வி என்று எழுதினவர்களும் அவசரப்பட்டார்கள்.

ஆனால் படை மட்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். அதே நேரத்தில் மூன்று காரியம் நடந்தது, மூன்றும் வாஷிங்டன் முடிவு இல்லை.

ஒன்று, மேற்கே சன்னிகள் வாழும் அன்பார் மாகாணத்தில் பழங்குடித் தலைவர்கள் அல் காய்தாவுக்கு எதிராகத் திரும்பினது. ரமாதியில் அப்துல் சத்தார் அபு ரிஷா 2006 செப்டம்பரில் ஆரம்பித்தார். புஷ் அறிவிப்புக்கு நாலு மாசம் முன்னாடி. அமெரிக்கர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற மாகாணங்களுக்குப் பரப்பினார்கள்: ஆளுக்கு மாசம் சுமார் 300 டாலர், உச்சத்தில் ஒரு லட்சம் பேர். மாசம் 3 கோடி டாலர். ஒரு பிரிகேட்டை வைத்திருக்கும் செலவோடு ஒப்பிட்டால் சல்லிக்காசு. முந்தின வருஷம் அமெரிக்கர்களைச் சுட்டவர்களில் பலர் இந்தப் பட்டியலில் இருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

இரண்டு, ஷியா பக்கம் மதகுரு முக்ததா அல் சதர் 2007 ஆகஸ்ட் 29 அன்று தன் படைக்குச் சண்டை நிறுத்தம் அறிவித்தது. கர்பலாவில் யாத்திரைக் கூட்டத்துக்கு நடுவே ஷியாக்களுக்குள்ளேயே நடந்த மோதலில் பெயர் கெட்டதுதான் உடனடிக் காரணம்.

மூன்றைச் சொல்லவே கசப்பாக இருக்கு. 2007 நடுவில் பாக்தாத்தில் சன்னியும் ஷியாவும் கலந்து வாழ்ந்த பேட்டைகளில் ஆயுதக் குழுக்கள் தாங்கள் துரத்த நினைத்தவர்களைப் பெரும்பாலும் துரத்தி முடித்திருந்தார்கள். நாட்டுக்குள் சுமார் 20 லட்சம், வெளியே சுமார் 20 லட்சம் பேர் இடம்பெயர்ந்திருந்தார்கள். கொல்ல ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாததால் கொலை குறைந்ததையும் அமைதி என்று வரைபடம் காட்டும்.

---

கிரானைட்_கணக்கு

பாக்தாத் பேட்டைகளைச் சுற்றி அமெரிக்கர்கள் எழுப்பின கான்கிரீட் சுவரைப் பற்றி ஒருத்தரும் பேசலையே. எனக்கு அதுதான் பெரிய சமாச்சாரம்.

2007 ஏப்ரல் 10 ராத்திரி அதமியாவில் வேலை ஆரம்பம். சன்னிப் பேட்டை, மூன்று பக்கம் ஷியாக்கள். கான்கிரீட் துண்டு ஒவ்வொன்றும் 12 அடி உயரம், 14 ஆயிரம் பவுண்டு, அதாவது ஆறேகால் டன்னுக்கு மேல். பர்கூர், ஜெகதேவி பக்கம் பிளாக் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டேகால் கனமீட்டரைக் கொஞ்சம் தாண்டின கிரானைட் பிளாக்கின் எடை. ஆள் தள்ளி நகராது, லாரி மோதினாலும் லேசில் சாயாது. அடி அகலமாக, தலைகீழாகக் கவிழ்த்த 'டி' எழுத்து மாதிரி இருக்கும், அதனால் அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். சமதளத்தில் வரிசையாக இறக்கினால் போதும். அதமியாவில் மட்டும் சுமார் 5 கிலோமீட்டர்.

வேலை நடப்பது ராத்திரியில்தான். டிரெய்லர், கிரேன், கொக்கி மாட்ட ஆள், சுற்றிக் கவச வண்டி. கிரேன் நின்ற இடத்தில் நிற்கணும், அதனால் அதுதான் நல்ல குறி. கொக்கியைக் கழற்ற ஏணியில் ஏறும் ஆள் அந்த அரை நிமிஷம் திறந்த வெளியில் நிற்கிறான்.

2008 வசந்தத்தில் பாக்தாத்தின் ஷியாப் பகுதியான சதர் நகரத்தில் இதையே ஆயுதமாக மாற்றினார்கள். அரசு அலுவலகங்களும் அமெரிக்கத் தூதரகமும் இருந்த பசுமை மண்டலத்தின் மேல் 107 மில்லிமீட்டர் ராக்கெட் விழுந்துகொண்டிருந்தது. அந்த ராக்கெட்டுக்கு எட்டும் தூரம் குறைவு, சதர் நகரத்தின் தெற்கு ஓரத்திலிருந்து விட்டால்தான் போய்ச் சேரும். அந்த ஓரத்தை வெட்டிவிட்டால் ராக்கெட் பயன்படாது. குத்ஸ் சாலை நெடுக நாலரை கிலோமீட்டருக்கு மேல், சுமார் 3000 துண்டு, ஒரு மாசம் போல வேலை. சுவர் எழும்ப எழும்ப எதிராளி அதைத் தடுக்க வெளியே வந்தாகணும். ஒளிந்து அடிக்கிறவனை அமெரிக்கர்களுக்கு வசதியான இடத்துக்கு அது இழுத்தது.

பின்விளைவு: சந்தை செத்தது. இரண்டு நிமிஷ நடைக்கு வாசல் சுற்றிப் போய் வரிசையில் நிற்கணும். அதமியா ஆட்கள் 'எங்களைச் சிறை வைக்கிறீர்கள்' என்று ஊர்வலம் போனார்கள், ஈராக்கியப் பிரதமர் மாலிக்கியே நிறுத்தச் சொன்னார். வேலை பெரிதாக நிற்கவில்லை. பிடித்து வைத்திருக்கும் நாட்டில் யார் பேச்சு செல்லும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

---

பாராமகால்_பழசு

ரிங்ரோடு தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. சின்னச் சின்ன நிலையமாகப் பிரித்து வைப்பதை மந்திரம் மாதிரி சொல்லக்கூடாது. நம்ம மண்ணிலேயே அது குப்புற விழுந்திருக்கு. 1768இல் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் வுட் இந்தப் பக்கத்திலிருந்து சேலம், கோயம்புத்தூர் வரை கோட்டை கோட்டையாகப் பிடித்து ஒவ்வொன்றிலும் கையளவு காவல்படை வைத்துவிட்டுப் போனார். வருஷக் கடைசியில் மைசூர் ஹைதர் அலி திரும்பி வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒரு கோட்டைக்கு ஆபத்து என்றால் உதவிக்கு ஓட நடமாடும் படை பக்கத்தில் இல்லை.

2007இலும் சாயல் தெரியும். ஜனவரி 20, கர்பலா: அமெரிக்கச் சீருடை மாதிரி உடை, அவர்கள் ஓட்டும் மாதிரி வண்டி, உள்ளே நுழைந்து ஐந்து அமெரிக்கர்கள் சாவு, அதில் நால்வரைக் கடத்திப் போய்க் கொன்றார்கள். ஏப்ரல் 23, தியாலா மாகாணத்தில் ஒரு புறக்காவல் தளம்: இரண்டு லாரிக் குண்டு, ஒன்பது பேர் சாவு. முதல் லாரி தடுப்புக்கு, இரண்டாவது கட்டிடத்துக்கு.

120 பேர் உள்ள ஒரு ராணுவக் கம்பெனி இப்படி ஒரு கட்டிடத்தில் இருந்தால் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு காவலுக்கு, ஒரு பங்கு ஓய்வுக்கு. தெருவில் நடப்பது 40 பேர். அதிலும் காய்ச்சல், விடுப்பு, வண்டிப் பழுது கழி. ஆயிரத்துக்கு 20 என்ற விகிதத்தைத் தெருவில் நிற்கிற ஆள் என்று நினைத்து ஏமாறக்கூடாது.

---

மொரப்பூர்_பாசஞ்சர்

அண்ணா, சார், எல்லாருக்கும் நன்றி. தருமபுரிக் கணக்கை அப்படியே எடுத்துக்கிறேன். ஒரு துணைக்கேள்வி: செக்போஸ்டில் பொதுமக்கள் சுடப்பட்டதைப் பற்றி நிறைய வருது. அது ஒழுங்கீனமா, இல்லை விதியிலேயே கோளாறா? அப்புறம் மூன்றாவது கேள்வி இன்னும் பாக்கி.

---

ஜூஜூவாடி_செக்போஸ்ட்

பேர் பொருத்தத்துக்காக நானே சொல்கிறேன்.

விதிப்படி படிப்படியாகத்தான் போகணும்: பலகை, கைச் சைகை அல்லது விளக்கு, எச்சரிக்கைச் சூடு, வண்டியின் இன்ஜினைச் சுடுவது, கடைசியில் ஓட்டுநரை. காகிதத்தில் நல்லாத்தான் இருக்கு. இப்போ கணக்குப் பார். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் நொடிக்கு 17 மீட்டர் கடக்கும். 100 மீட்டரில் சைகை காட்டினால் மொத்தம் ஆறு நொடி. ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக் அடிக்கவே பாதி நேரம் போயிடும். மீதி மூன்று நொடிக்குள் அந்தப் பத்தொன்பது வயசுப் பையன் மீதிப் படிகளையெல்லாம் கடக்கணும்.

சைகையிலும் வில்லங்கம். அமெரிக்கப் படையில் முஷ்டியை உயர்த்தினால் 'நில்'. பாக்தாத் ஓட்டுநருக்கு அதில் ஒன்றும் தெரியாது. எச்சரிக்கைச் சூடு கேட்டால் 'யாரோ நம்மைச் சுடறான், தப்பிக்கணும்' என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தவர்கள் உண்டு. ராத்திரியில் திடீரென்று போடும் தற்காலிகச் சாவடிதான் ரொம்ப மோசம், நேற்று இல்லாத இடத்தில் இன்று நிற்கும். 2005 மார்ச் 4 அன்று இத்தாலிய உளவு அதிகாரி கலிபாரி, விடுவிக்கப்பட்ட பத்திரிகையாளரைக் கூட்டிக்கொண்டு விமான நிலையம் போகும் வழியில் செத்தது அப்படி ஒரு சாவடியில். அவர் இத்தாலிக்காரர் என்பதால் உலகச் செய்தி. ஈராக்கியர் செத்தால் குடும்பத்துக்கு அனுதாபத் தொகை, வழக்கமாக உச்சவரம்பு 2500 டாலர்.

தூரத்தைக் கூட்டி, பலகையை முன்னாலேயே அரபியில் வைத்து, வண்டியை நெளிந்து வர வைக்கும் தடுப்புகள் போட்டால் சூடு வெகுவாகக் குறையும். ஆக இதைக் கோளாறு என்றே சொல்வேன், பாதிக்கு மேல் அமைப்பின் கோளாறு. ஆனால் ஹதீதா ஊர்ப் படுகொலையை இதில் சேர்க்காதே. 2005 நவம்பர் 19, ஒரு மரைன் குண்டில் செத்த பிறகு 24 பொதுமக்களைக் கொன்றது, வீடு புகுந்தும் சுட்டது. முதல் அறிக்கை, குண்டுவெடிப்பில் 15 பேர் இறந்தார்கள் என்று பொய் சொன்னது. அதைச் சைகைக் குழப்பத்தோடு ஒரே வாக்கியத்தில் வைத்தால் பேச்சே கெட்டுப்போகும்.

---

ஓசூர்_ரிங்ரோடு

மூன்றாவது கேள்விக்கு: திரும்ப அழைத்தது வெற்றியாலும் இல்லை, தோல்வியாலும் இல்லை. காலண்டரால்.

உச்சத்தில் ஈராக்கில் 20 பிரிகேட். ஒன்று அங்கே இருந்தால் இன்னொன்று வீட்டில் ஓய்விலும் பயிற்சியிலும் இருக்கணும், ஆக 20க்குக் குறைந்தது 40. தரைப்படையிடம் நிரந்தர பிரிகேட் இருந்ததே அந்த அளவுதான், ஆப்கானிஸ்தானுக்கும் அதிலிருந்தே கொடுக்கணும். அதனால் 2007 ஏப்ரலில் வீரர்கள் அங்கே இருக்கும் தவணையை 12 மாசத்திலிருந்து 15 ஆக நீட்டினார்கள். அந்த நீட்டிப்புதான் கூடுதல் படையைத் தாங்கினது. 15ஐ 18 ஆக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. 2007 டிசம்பரில் முதல் பிரிகேட் மாற்று இல்லாமல் கிளம்பியது, 2008 ஜூலையோடு கூடுதலாக வந்த ஐந்தும் போயாச்சு. செப்டம்பர் 2007இல் பெட்ரேயஸ் காங்கிரஸ் முன் 'குறைக்கலாம்' என்று பரிந்துரைத்தபோது, அவர் குறைக்கச் சொல்லாவிட்டாலும் குறைந்தே தீரும் நிலை.

அந்த 300 டாலர் ஆட்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள், தயாராப் போ. 2008 அக்டோபரிலிருந்து அவர்கள் சம்பளம் படிப்படியாக மாலிக்கி அரசின் கைக்குப் போனது. ஐந்தில் ஒருவருக்குப் போலீஸிலோ ராணுவத்திலோ வேலை, மற்றவர்களுக்கு வேறு அரசு வேலை அல்லது பயிற்சி என்று பேச்சு. சம்பளம் தள்ளிப்போச்சு, வேலை பலருக்கு வரவே இல்லை, சில தலைவர்கள் கைதானார்கள்.

---

பாராமகால்_பழசு

வரைபடம் போட்டுக் காட்டுவாய் என்றால் ஒரு விஷயம். பொதுமக்கள் சாவுக்கு, அதை எண்ணும் தன்னார்வ அமைப்பான ஈராக் பாடி கவுண்ட் கணக்கை எடு: 2006இல் சுமார் 29 ஆயிரம், 2007இல் சுமார் 26 ஆயிரம், 2008இல் சுமார் 10 ஆயிரம். இது செய்தியிலும் பிணவறைப் பதிவிலும் வந்தது மட்டும், குறைந்தபட்சம் என்று கீழே எழுது. ஐ.நா. 2006க்குச் சொன்னது 34 ஆயிரத்துக்கு மேல். இரண்டையும் ஒரே கோட்டில் ஒட்டாதே, எண்ணும் முறை வேற.

ஆண்டுக் கணக்கைவிட மாதக் கணக்கு போடு. ஆண்டாகப் போட்டால் 2007 முழுக்க மோசம் மாதிரித் தெரியும், சரிவு ஆண்டின் நடுவிலேயே தொடங்கினது மறைந்துவிடும். கோட்டின் மேல் நாலு தேதியைக் குத்து: 2006 பிப்ரவரி 22, 2006 செப்டம்பர், 2007 ஜூன், 2007 ஆகஸ்ட் 29. ஞாயிறு எத்தனை மணிக்கு, நூலகத்திலா?